கோடு போட்ட கப்

24 நவம்பர் 2024, ஞாயிறு, மாலை 4.10
பூந்தமல்லி
வீணாய்ப் போன போர்டுகள்: 116

அன்புள்ள ஜமீர் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹிபா அக்கா சுகம். பிள்ளைக்குத்தான் சளி விடமாட்டேன் என்கிறது. ஷார்ஜாவில் நீங்கள் நலமாக இருக்க துஆ செய்கிறோம்.

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நம் கம்பெனி அஞ்சலை அக்காவை வெள்ளிக்கிழமை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தச் சொன்னது நான்.

நீங்கள் அம்பத்தூர் கம்பெனியை விட்டுப் போனபின்பும் வேலை அதேதான். மோட்டார் போர்டில் ஈரம் ஏறாமல் இருக்க எபாக்சி ஊற்றுகிறோம். இரண்டு பங்கு ரெசின், அதை இறுக்க ஒரு பங்கு ஹார்டனர். நீங்கள் கப்பில் நெயில் பாலிஷால் போட்ட கோடு இன்னும் இருக்கிறது. அக்கா அதைப் பார்த்துத்தான் ஊற்றுவார்.

இந்த மழையில் அது இறுக இரண்டு நாள் ஆகிறது. முதலாளி நடேசன் தினமும் வந்து, "இன்னாப்பா, இன்னும் பிசுபிசுன்னே கீது?" என்று உயிரை எடுத்தார். வேகமாக இறுக்குகிற வேறு ஹார்டனர் வரவழைத்தேன். அதற்குப் பத்துப் பங்கு ரெசினுக்கு ஒரு பங்குதான். அளவை இங்கிலீஷில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன்.

வியாழக்கிழமை அக்கா 116 போர்டுகளில் ஊற்றினார். வெள்ளி காலை நகம் வைத்தால் பள்ளம், அல்வா மாதிரி. எல்லோர் முன்னாலும் கத்தினேன். ஹார்டனர் அதிகம் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்க இது என்ன சிமெண்ட்டா? ஒவ்வொரு ரெசின் கைக்கும் பிடிக்க ஒரு ஹார்டனர் கை. மிஞ்சின கைகள் சும்மா தொங்கும். பிறகு எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது.

அக்கா அழவில்லை. "பத்து வருசமா கோட்டுக்குத்தான் ஊத்துறேன், இன்னிக்கு மட்டும் கண்ணு அவிஞ்சிடுச்சா?" என்றார். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "நீங்க படிச்சவரு சார், நீங்க சொன்னா சர்தான்" என்று போய்விட்டார். என்னை எப்போதும் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

அவர் தப்பை நிரூபிக்க நேற்று நானே கலந்து பார்த்தேன். பத்துக்கு ஒன்று: நாலு மணி நேரத்தில் கல். கப் கோட்டின்படி: அதே அல்வா. அப்போதுதான் உறைத்தது. புது டிரம்மைத் தூக்கிச் சரிக்க முடியாமல், புது ஹார்டனரைப் பழைய டப்பாவில் ஊற்றி வைத்தது நான். பழைய லேபிளைக்கூடக் கிழிக்கவில்லை. அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் நினைவு வந்தது. வியாழனன்று அக்கா என்னிடம் வந்து, "நைனா, வாடை வேற மாறி கீது, கப்பு வேற சுடுது" என்றார். நான் போனில் இருந்தேன். "வேலைய பாருக்கா" என்றேன்.

ஹிபா அக்காவிடம் இதைச் சொல்லாதீர்கள், நானே சொல்கிறேன். நாளை செய்யப்போவது:

1. எட்டு மணிக்கு நடேசனிடம், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுப்பேன். என்னை நிறுத்தினாலும் சரி.
2. முத்தாபுதுப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய், திரும்ப வேலைக்குக் கூப்பிடுவேன். கதவைச் சாத்தினால் வெளியே நிற்பேன்.
3. புது டப்பா, புது கப். கோட்டை அக்காவே போடட்டும்.
4. அவர் என்னை நைனா என்று கூப்பிடும்வரை சும்மா காத்திருப்பேன். எனக்குப் பொறுமை வராது என்று உங்களுக்குத் தெரியும். துஆ செய்யுங்கள் மச்சான்.

ஆசிம்