பாலத்தடி முகங்கள்

என் எஸ்தருக்கு,

உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த நாள் முதல் வீட்டுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்குச் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். உன்னைப் பற்றி ஊரில் குசுகுசுவென்று பேசியது போதும்.

வடக்கில் சண்டை முடிந்துவிட்டதாம். மாத்தளை டவுனில் பட்டாசு வெடிக்கிறார்கள், தெருவில் மேசை போட்டுப் பாற்சோறு கொடுக்கிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பேப்பரில் வடக்கிலிருந்து வந்த படங்களைப் போட்டிருந்தார்கள். கூட்டம் கூட்டமாக மனிதர்கள், ஒருவர் முகமும் தெளிவாக இல்லை. நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் கேமராவைத்தான் நினைத்துக்கொண்டேன். உன் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது உனக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய கேமரா அது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, சனி ஞாயிறில் அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பூ, மலை, அருவி எதுவும் உனக்கு வேண்டாம். முகங்கள் மட்டும்தான் வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் போய்விடுவாய். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த பெண்கள், பல் போன கிழவர்கள், மூக்கு ஒழுகும் பிள்ளைகள். நத்தார் பண்டிகைக்கு அவரவர் படத்தை அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பாய். "ஆண்டவர் தன்னோட சாயல்ல செஞ்சிருக்காரு. பாக்காம விட்டா அது அவருக்கு மரியாதையில்லங்க" என்பாய். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்குகிற அந்த நொடியில் உன் உதடு அசையும். ஜெபம் என்று வெகுகாலம் எனக்குத் தெரியாது.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் நம் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். அத்தனை ஆல்பமும் சாம்பலானது. கேமரா மட்டும் பழுதுபார்க்க ஹனீபா நானாவின் ஸ்டூடியோவில் கிடந்ததால் தப்பியது. அதை வாங்க நீ போனபோது, இனிமேல் யாரைப் படம் எடுக்கப் போகிறாய் என்று கோபமாகக் கேட்டேன்.

அதற்குப் பதில் எண்பத்தொன்பதில்தான் வந்தது. அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய சிங்களப் பையன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த வருசம். விடிந்தால் சாலையோரத்தில், ஆற்றுப் பாலத்தடியில் உடல்கள் கிடக்கும். டயர் போட்டு எரித்தவர்களைப் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. எரிக்காமல் விட்டவர்களை யாரும் தொடமாட்டார்கள், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நாம் இருவரும் ஒரு ஞாயிறு ஆலயத்துக்கு அந்தப் பாலத்தின் வழியாகப் போனோம். நீ நின்றுவிட்டாய். சரிவில் இறங்கிப்போய், சேலைத் தலைப்பால் ஒரு பையனின் முகத்தில் இருந்த சேற்றைத் துடைத்தாய். பிறகு கைப்பையைத் திறந்து கேமராவை எடுத்தாய்.

"பைத்தியமா உனக்கு? யாராவது பாத்தா நம்மளயும் இங்கயே போட்டுருவாங்க" என்றேன்.

"இவங்க வீட்டுல தேடிக்கிட்டு இருப்பாங்கங்க."

"நம்ம வீட்டுக்கு நெருப்பு வச்ச கூட்டத்தில இவனும் இருந்திருப்பான், எஸ்தர்."

நீ நிமிரவில்லை. "அப்ப இவன் அஞ்சாம் வகுப்பு படிச்சிருப்பான். முகத்தப் பாருங்க."

பார்த்தேன். மீசை முளைக்காத முகம்.

அதன்பிறகு பல காலைகளில் நீ அந்தப் பாலத்தடிக்குப் போனாய். ஹனீபா நானா முதல் பிலிம் சுருளைக் கழுவிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். "டீச்சர், அல்லாஹ்வுக்காகச் சொல்றேன், இது வேணாம். எனக்கும் புள்ள குட்டி இருக்கு" என்றார். நீ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாய். குடித்து முடித்துவிட்டு அவரே கேட்டார்: "அடுத்த சுருள் எப்ப வரும்?"

நாவுல கிராமத்திலிருந்து சோமாவதி என்ற சிங்களத் தாய் வந்தது உனக்கு நினைவிருக்கும். எப்படியோ கேள்விப்பட்டு, மிளகாய்த் தோட்டத்தில் வேலை செய்த கையோடு பஸ்ஸேறி வந்திருந்தாள். ஒவ்வொரு படமாக நீ அவள் முன்னால் வைத்தாய். ஒரு படத்தில் அவள் கை நின்றது. அலறவில்லை. "மகே புத்தா", என் மகனே என்று, தூங்குகிற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் மெதுவாகச் சொன்னாள். "என் மகன்தான் நோனா. முகத்தைத் துடைத்து விட்டிருக்கிறார்களே, யார் துடைத்தது?" என்று சிங்களத்தில் கேட்டாள். நீ அவளைக் கட்டிக்கொண்டு அழுதாய். அந்தப் படத்தை வைத்து அவர்கள் மகனின் பேரில் பிக்குகளுக்குத் தானம் கொடுத்தார்கள். அது வரைக்கும் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவனுக்கும் சேர்த்துச் சோறாக்கிக்கொண்டு இருந்தார்களாம்.

அவளுக்குப் பின்னால் வேறு தாய்மார்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நம்பர் தகடு இல்லாத ஜீப் வந்தது.

கேமராவையும் படங்களையும் உன்னையும் கொண்டுபோனார்கள். இராணுவ முகாம் வாசலில் நான் போய் நின்ற அத்தனை நாளும் சோமாவதியும் வந்து நின்றாள். காவலுக்கு நின்றவன் துப்பாக்கியின் பின்பக்கத்தால் அவளைத் தள்ளினான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அதே இடத்தில் நின்றாள். நீ போ, உனக்கும் ஆபத்து என்று சொன்னேன். "என்னிடமிருந்து இனி எதை எடுக்கப் போகிறார்கள்?" என்றாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் உன்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். உயிரோடு வந்தாய் என்று ஊரே ஆச்சரியப்பட்டது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. உனக்குத் தலைபின்னிவிடக் கற்றுக்கொண்டேன். ஆலயத்துக்கு வருவாய், ஆனால் பாடமாட்டாய். மற்றவர்கள் எழுந்து நின்று துதிக்கும்போது நீ மட்டும் உட்கார்ந்து பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஹனீபா நானா வேறொரு கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். நீ வாங்கவில்லை. "வேணாம் நானா. கர்த்தர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு. இனி அந்த முகங்கள அவரே வச்சிருக்கட்டும்" என்றாய்.

அது விசுவாசமா, எஸ்தர்? இல்லை, அவர்மேல் உனக்கிருந்த கோபமா? அதன்பிறகும் இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்தும் எனக்கு விளங்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். நீ தூங்கிவிட்டாய்.

உன் அடக்கத்துக்கு நாவுலயிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் வந்து இறங்கினார்கள். நம் சபையார் யார் இவர்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோமாவதி பெட்டியருகே வந்து, மடங்காத உன் விரல்களைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று லெட்சுமி என்று ஒரு பெண் தோட்டத்திலிருந்து வந்தாள். கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து வடக்கே கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்களில் அவள் மகளும் ஒருத்தி. பிள்ளைகளோடு இருந்தவள். மாசிக்குப் பிறகு தகவல் இல்லை. வவுனியா அகதி முகாமில் இருக்கலாம் என்கிறார்கள்.

"காணாமப் போனவங்கள டீச்சரம்மா தேடித் தருவாங்கன்னு சொன்னாங்க. இருக்காங்களாய்யா?"

"டீச்சர் செத்துப் போயிட்டாங்கம்மா."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைநிமிர்ந்து, வேறு வழியில்லாதவள் சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னாள்: "அப்ப நீங்க வாங்கய்யா. எனக்குச் சிங்களம் வராது."

எனக்கு வயதாகிவிட்டது. சோதனைச்சாவடி என்றாலே சுற்றுவழியில் போகிறவன் நான். முட்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தித்தான் பேச வேண்டுமாம், ஆயிரமாயிரம் பேராம். மறுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "காலையில முதல் பஸ்ஸுக்கு வந்துருங்கம்மா" என்று வந்தது.

லெட்சுமியின் மகள் அங்கே இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வேலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரமும் நடப்பேன். அந்தப் பக்கம் நிற்கிறவர்களைக் கூட்டமாகப் பார்க்கமாட்டேன். ஒவ்வொருவராகப் பார்ப்பேன். பெயர் கேட்பேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்பேன்.

இப்படிக்கு,
விடிந்ததும் வவுனியா பஸ்ஸுக்குப் புறப்படுகிற
உன் வீட்டுக்காரன்