நிலமில்லாதவனின் விவசாயப் படிப்பு

8-1-1968, திங்கள்

தொண்டூருக்குச் சைக்கிளில் போய் வந்ததில் முழங்கால் இரண்டும் விட்டுப்போயின. மல்லாட்டை விதைக்கடலையில் மருந்து கலந்து விதைக்கும்படி அந்த ஊர் விவசாயி கலியபெருமாளிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாருக்கு எத்தினி காணி இருக்குது?" என்றார். ஒரு சென்ட்கூட இல்லை என்றேன். பக்கத்து நிலத்துக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அரைக் காணியில் மட்டும் செய்து பார்ப்பாராம். அது போதும்.

அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. அத்தா செஞ்சி மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். அதைத் தவிர எங்கள் குடும்பத்துக்கும் விவசாயத்துக்கும் சம்பந்தம் கிடையாது. டாக்டர் படிப்புக்கு மார்க் பத்தவில்லை. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்தது, போனேன். இப்போது சர்க்கார் விவசாய ஆபீசர்.

1-2-1968

சம்பளம். பிடித்தம் போக இருநூற்றுப் பதினெட்டு. வீட்டுக்கு நூற்று முப்பது, சேட்டுக் கடை வட்டி பன்னிரண்டு. சர்க்கார் படிப்புக் கடன் இரண்டாயிரத்து நானூறு. செப்டம்பரிலிருந்து மாதம் முப்பத்தைந்து கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நாலு வருஷம் படிக்காமல் மண்டியிலேயே கணக்கு எழுதப் போயிருந்தால் கடனாவது இல்லாமல் இருந்திருக்குமோ?

11-2-1968, ஞாயிறு

தங்கை சாகிரா வந்துவிட்டாள். கையில் ஒரு பை. அவ்வளவுதான்.

கடைசி வருஷம், விடுதிப் பாக்கி கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றபோது, தன் நாலு வளையலையும் கழற்றிக் கொடுத்தவள் அவள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை அப்போது. மெருகு போட அம்மாவிடம் கொடுத்திருப்பதாக மாமியார் மெஹபூப் பீயிடம் ஒரு வருஷம் சமாளித்திருக்கிறாள். அவை சேட்டுக் கடையில் அறுநூறு ரூபாய்க்கு அடகில் இருப்பது மெஹபூப் பீக்குத் தெரிந்துபோயிற்று. "வளையலோட வரட்டும், இல்லன்னா அங்கியே கிடக்கட்டும்" என்றாளாம். மாப்பிள்ளை ஜான் பாஷா அனந்தபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

அத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன்னாலதான்டா" என்று திட்டியிருக்கலாம்.

27-2-1968

சாகிரா மண்டிக்கு மல்லாட்டை உடைக்கிறாள், கூலிக்கு. விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. நான் ஆபீசர்.

19-4-1968

கலியபெருமாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். மருந்து கலந்து விதைத்த அரைக் காணியில் மட்டும் இரண்டு மூட்டை அதிகமாம். "அடுத்த பட்டத்துக்கு மொத்தமும் நீங்க சொல்ற மாதிரிதான் சார்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். படித்தது வீண் இல்லை என்று முதல்முறையாகத் தோன்றியது. ஆனால் நெல்லூர் உரக் கம்பெனியின் வேலைக் கடிதம் நாலு நாளாகச் சட்டைப்பையில் இருக்கிறது. மாதம் நானூறு. ஊர் ஊராகச் சுற்றி மூட்டை விற்க வேண்டும்.

அத்தாவிடம் சொன்னேன்.

"சர்க்கார் வேலைடா. உட்டா திரும்ப வருமா?"

"இந்தச் சம்பளத்துல அவ வளையலு எப்ப வரும் அத்தா?"



2-5-1968

ராஜினாமா கொடுத்துவிட்டேன். தொண்டூருக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. என்ன முகத்தோடு?

14-8-1968, நெல்லூர்

இன்று ஏழு கடை. இரண்டு மூட்டை. இங்கே யாரும் என்னிடம் பயிரைப் பற்றிக் கேட்பதில்லை.

23-12-1968, செஞ்சி

பெருநாளுக்கு வந்தேன். காலையில் முதல் வேலையாகச் சேட்டுக் கடையில் வட்டியும் முதலும் கட்டி, நாலு வளையலையும் மீட்டு வந்து சாகிரா மடியில் வைத்தேன். "நாளைக்கே அனந்தபுரத்துல கொண்டுபோய் உட்டுடறேன்" என்றேன்.

அவள் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் போவலண்ணே."

"இன்னா சொல்ற நீ? இதுக்குத்தானே நான்—"

"என்ன ஒரு வார்த்த கேட்டியா? யாராச்சும் கேட்டீங்களா? வளையலு இல்லன்னு பஸ்ஸுல ஏத்தி உட்டவரு, வளையலு வந்தா வேற ஆளா ஆயிடுவாரா?"

இரண்டு வளையலை மட்டும் பிரித்து என் பக்கம் தள்ளினாள்: "எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருக்கேன் இல்ல? டீச்சர் ட்ரெய்னிங் போறேன். ரெண்ட வித்துடுண்ணே."

கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. யார் மேல்? அவளுக்காகத்தான் வேலையை விட்டேன். பத்து மாதமாக வட்டி தெரியும், முதல் தெரியும், எந்த மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியும். அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாது.

26-12-1968

அத்தா இன்று சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன். "அனந்தபுரம். புள்ள வராதுன்னு நானே சொல்லிட்டு வரேன்."

கடைத்தெருவில் கலியபெருமாளைப் பார்த்தேன். "ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டீங்களே சார்" என்றார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

16-6-1969, திண்டிவனம்

சாகிராவைப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தேன். இரண்டு வளையலின் பணத்தில் ஒரு வருஷம் தள்ளிவிடலாம். அடுத்த வருஷம் என் பொறுப்பு. சர்க்கார் கடன் இன்னும் கிட்டத்தட்ட ஐந்து வருஷம் இருக்கிறது. நெல்லூர் பஸ்ஸும் காத்திருக்கிறது.

விண்ணப்பத்தில் அவளே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வாசல்வரை வந்து, "இத்த படிச்சா இன்னா சம்பளம் வரும்ணே?" என்றாள்.

எவ்வளவு வரும், எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"உள்ள போ, மணி அடிச்சிட்டாங்க" என்றேன்.