டாங்க் மூடி

1987 அக்டோபர், செவ்வாய்.

கோபம் அடங்கவில்லை. வெட்டிய கரும்பு வயலில் காய்கிறது. மச்சான் முனியனின் பழைய டிராக்டரோ சற்று ஓடியதும் நின்றுவிடுகிறது. வடிகட்டியை மாற்றியும் பயனில்லை. கடைசியில் டீசல் டாங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. எங்கள் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததிலிருந்து இந்த லம்பாசா ஊரில் டீசல் திருட்டு. அதற்குப் பயந்து மூடிமேல் டியூப் ரப்பரை இறுக்கிக் கட்டியிருக்கிறான். மூடியின் காற்றுத் துளை அடைபட்டு, இன்ஜினுக்கு டீசல் இறங்காமல் போய்விட்டது.

“திருடனை விட்டுட்டு இன்ஜினை நிறுத்திட்டியே மச்சான்!”

ரப்பரை அறுத்தேன். மாலைவரை டிராக்டர் நிற்காமல் கரும்பு இழுத்தது.

“அச்சா! இனி இதை வாங்க ஆள் வருவான்,” என்றான் முனியன். “சிட்னிக்கு விசா வந்திரிச்சி மச்சான். குடும்பத்தோட போறோம்.”

அவனைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் திட்ட வேண்டியவர்கள் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எழுதும் பத்திரிகையையும் பூட்டிவிட்டார்கள்.