இளைத்துவிட்டு வரச் சொன்னார்கள்

மே 3, சனி

நானும் என் வீட்டுக்காரரும் நாத்தனார் குடும்பமும் வந்து சேர்ந்தோம். கடலோர விடுதி, மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தும் படியேறினேன். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வீங்கிய கால். எல்லோருக்கும் விடுமுறை, அதற்கு மட்டும் இல்லை.

தம்பிக்கு ஈரல் கெட்டுவிட்டது தெரிவதற்கு முன்பே போட்ட பயணம். வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். அவன் விடவில்லை. "போயிட்டு வாக்கா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என் எதிர்ல உக்காந்திருக்காத."

என் ஈரலில் ஒரு துண்டு அவனுக்குப் பொருந்துமாம். ஆனால் கொழுப்பு படிந்திருக்கிறது. இளைத்துவிட்டு மாதக் கடைசியில் வாங்க, மறுபடி ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். "உனக்குக் கொழுப்புன்னு எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்" என்றான் தம்பி. சிரித்தோம். அவன் கண் மஞ்சளாக இருந்தது.

மே 4, ஞாயிறு

காலைச் சாப்பாட்டுக்கு வேண்டியதை வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். நான் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வெண்ணெய் வழியும் ரொட்டி, பொரித்த உருளைக்கிழங்கு, கேக்.

"லீவுல என்ன டயட்டு? சாப்பிடு."

நாத்தனாரை வீட்டில் பீரங்கி என்போம். அவளுக்கும் தெரியும். "என்ன அண்ணி, ஆட்டுக்குட்டியாட்டம் மேயுறீங்க?" என்றாள். சாப்பாட்டு ஹாலே திரும்பிப் பார்த்தது.

மத்தியானம் எல்லோரும் தூங்க, நான் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினேன். அறை துடைக்கும் அம்மா, "எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கத் தெம்பில்லை.

மே 5, திங்கள்

மணலில் நடந்தேன். கால் புதைகிறது, இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கிறது. கடற்கரையில் நடப்பது சுகம் என்று சொன்னது யார்?

மே 6, செவ்வாய்

அறைக்கே ஐஸ்கிரீம் வாங்கி வந்துவிட்டார். என்னதான் நினைச்சுக்கிட்டிருக்காரு இந்த மனுஷன்? இங்க நான் நாக்கக் கட்டி, வாயக் கட்டி... கத்திவிட்டேன். பக்கத்து அறையில் பீரங்கியே அடங்கிப்போனாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நீ இளைக்கலேன்னா டாக்டரே வேணாம்னுடுவாரு. வேணாம்னு நான் வாயத் தொறக்க வேண்டியிருக்காதுல்ல."

ஐஸ்கிரீமை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"அவன் பொழைக்கணும். அது எனக்கும் ஆசதான். ஆனா உன்ன அறுத்துத்தானா?"

இருபது வருஷம் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்த உயரத்திலும் தொங்குவார். அவர் பயந்து இன்றுதான் பார்த்தேன். கோபம் போகவும் இல்லை, அப்படியே நிற்கவும் இல்லை.

மே 7, புதன்

எல்லோரும் படகில் போனார்கள். நான் நடக்கப் போவதாகச் சொல்லித் தங்கிவிட்டேன். நடக்கவில்லை. கீழே போய்க் கேக் சாப்பிட்டேன். ஒன்றோடு நிறுத்தவும் இல்லை. யாரும் ஊட்டவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. பசியும் இல்லை.

அப்புறம் ஏன்?

டாக்டரே வேணாம்னு சொல்லிட்டா, தம்பி முகத்தப் பாத்து நான் சொல்ல வேண்டியதில்லையே. அவரைத் திட்டினேனே, எனக்கும் அதே பயம்தான்.

திரும்பி வந்தவரிடம் சொன்னேன்.

"பயமா இருந்தா விட்டுடு" என்றார்.

"பயமாத்தான் இருக்கு. விட முடியல."

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே படுத்துக்கொண்டார்.

மே 8, வியாழன்

விடியும்போது செருப்போடு வாசலில் நிற்கிறார். "மணல்ல வேணாம். ரோட்டுல நட." தொப்பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க என் பின்னாலேயே வந்தார். சரி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 19, திங்கள்

வீடு, கடை, நடை. வெள்ளரிக்காயைப் பார்த்தாலே குமட்டுகிறது. அலுத்துவிட்டது.

மே 29, வியாழன்

ஸ்கேன் முடிந்தது. டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். கொழுப்பு இறங்கியிருக்கிறதாம், துண்டு எடுக்கலாமாம். சந்தோஷம்தான். பயமும்தான்.

வெளியே வந்ததும் இவர் நேராக நர்ஸிடம் போனார்.

"ஆபரேஷன் அன்னிக்கு ராத்திரி கூடத் தங்குறவங்களுக்குக் கட்டில் தருவீங்களா?"

"நாற்காலிதான் சார்."

"பரவால்ல. அவ கட்டில் பக்கத்துல போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.