குடித்தபோது கூப்பிடாதவர்கள்

2025 செப்டம்பர் 4, வியாழன்

இன்று ஒரு வள்ளத்து எஞ்சினைக் கழற்றினேன், திருப்பிப் பூட்ட முடியவில்லை. கை நடுங்குகிறது. கரையில் நின்றவர்கள் பார்த்தும் பாராத மாதிரி நின்றார்கள். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் என் குடி எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் மனைவி ஜெனூபாவின் தம்பி இன்ஷாப் என்னைப் பற்றி ஊருக்குச் சொல்லி வைத்திருப்பது: "றிபாஸ் மச்சானுக்குச் சீனி வருத்தம்." நீரிழிவாம் எனக்கு!

சீதன வீடு ஜெனூபாவுடையது. போ என்றாள், என் அக்கா ஹாஜறா ராத்தா வீட்டுப் பின் அறைக்கு வந்துவிட்டேன். அவளில் பிழை இல்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு போன் இலக்கம் தந்தார். குடியை விட நினைப்பவர்கள் கூடிக் கதைக்கிற கூட்டமாம். எடுத்தேன். அருள்ராஜா என்று ஒருவர் பேசினார். "ஞாயிறு பின்னேரம் வாங்க தம்பி. கல்முனையில, சேர்ச் மண்டபம்." சேர்ச்சா? வேறு இடமே இல்லையா? "வேற ஒருத்தரும் எங்களுக்கு இடம் தரல்ல" என்றார்.

போக மாட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போனேன்.

தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நுழைந்தேன். பிளாஸ்டிக் கதிரைகள், பிளேன்டீ, பிஸ்கட். சுவரில் சிலுவை. அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். "நான் அருள்ராஜா, நான் ஒரு குடிகாரன்" என்றார் அவர், சொந்த ஊரைச் சொல்வது போல. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் முறை. பெயரைச் சொன்னேன், அதற்கு மேல் சொல் வரவில்லை. "வராட்டிப் பரவாயில்ல. அடுத்த கிழமை வரட்டும்" என்றார்.

முடிவில் எல்லோரும் எழுந்து பிரார்த்தித்தார்கள். நான் என் பாட்டில் இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் முகம் ஒன்றும் அங்கே இருந்தது. யார் என்று இதில்கூட எழுத மாட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

பின்னேரம் ஆசை கழுத்தைப் பிடித்தது. அருள்ராஜாவுக்கு கோல் எடுத்தேன். மனிதர் மீன் விலையைப் பற்றியே கதைத்தார். குடிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "நான் றிபாஸ். நான் ஒரு குடிகாரன்." கூரை இடிந்து விழவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

நான் மதம் மாறிட்டேனாம்! ஊரெல்லாம் இதே கதை. சேர்ச் வாசலில் யாரோ கண்டிருக்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன் என்று ஒருவன், என்னை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று இன்னொருவன். ராத்தா அழுகிறா. குடிச்சிட்டு ரோட்டில கிடந்தபோது நான் முஸ்லிம், விட்டா கிறிஸ்தவனா? என்னடா ஞாயம் இது!

மஃரிபுக்குப் பிறகு இன்ஷாப் வந்தான். "மதம் மாறினவன்ட நிக்காஹ் செல்லாது மச்சான். நாளைக்குப் பள்ளிவாசல்ல விசாரிக்கப் போறாங்க. ஜெனரேட்டர் திருத்தப் போனன் எண்டு சொல்லுங்க. இனி அந்தச் சேர்ச்சுக்குப் போகவும் வேணாம். நானே ஜெனூபா ராத்தாவோட கதைச்சு உங்கள வீட்ட கூட்டிப் போறன். குடிகாரன் எண்டு மட்டும் பள்ளியில சொல்லிராதீங்க. எங்கட மானம் போயிரும்."

ஒரு பொய் சொன்னால் வீடு கிடைக்கும். ஜெனூபா கிடைப்பாள். ஆனால் அந்தக் கூட்டத்தை விட்டால் நான் திரும்பக் குடிப்பேன் — அது எனக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. குடித்தால் அவள் இன்னொரு தரம் கதவைச் சாத்துவாள். அப்போது எந்தப் பொய்யைச் சொல்வது?

செப்டம்பர் 19, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் நிர்வாகமான நம்பிக்கையாளர் சபை கூடியது. தலைவர், "கலிமாவைச் சொல்லுங்க பாப்பம்" என்றார். சொன்னேன்.

"அப்ப சேர்ச்சில என்ன வேலை?"

இன்ஷாப் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் குடிகாரன், ஹாஜியார். அத விடத்தான் அங்க போறன்."

தலைவர் கேட்டார், "நம்மட ஊராக்கள் வேற ஆரு அங்க வாறாங்க?"

"அதச் சொல்ல மாட்டன்."

"பள்ளிக்குள்ள இருந்துக்கிட்டு மறைக்கிறீங்களா?"

"ஓம், மறைக்கிறன். நான் குடிச்ச காலத்தில ஒருத்தரும் என்னக் கூப்பிட்டு விசாரிக்கல்ல. விட்டாப் பொறகு கூப்பிடுறீங்க. இங்க ஒரு அறை தாங்க, கூட்டத்த இங்கயே வைக்கிறம். தரமாட்டீங்க எண்டா ஞாயித்துக்கிழமை நான் அங்கதான்."

அறை தருகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் இன்ஷாப், "இனி எங்கட வாசலை மிதிக்காதீங்க" என்றான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு. எனக்கும்தான். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க மாட்டேன்.

செப்டம்பர் 20, சனி

ஜெனூபாவிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தொப்பியோடே போனேன். பார்க்கிறவர்கள் வடிவாகப் பார்க்கட்டும்.

அடுத்த கிழமை குடும்பத்தாரையும் கூட்டி வரலாம் என்றார் அருள்ராஜா. எனக்கு வர ஆருமில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ராத்தாவிடமும் அதையே சொன்னேன். கூட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார் அவர்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. ஜெனூபா! கறுப்பு அபாயாவில், தனியாக. ராத்தா போய்ச் சொல்லியிருக்கிறார். நேரே வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"இன்ஷாபுக்குத் தெரியுமா?" என்றேன் மெதுவாக.

"சொல்லிட்டுத்தான் வந்தன்."

புதிதாக வந்தவர்கள் விருப்பமென்றால் பெயர் சொல்லலாம் என்றார் அருள்ராஜா. அவள் எழும்பினாள். சண்டைக்கு நிற்கிற மாதிரித்தான் குரல்.

"நான் ஜெனூபா. இவர்ட பொஞ்சாதி."