மழையில் விரித்த வெள்ளைக் குடை

அன்பு மகன் தைன் சோவுக்கு, ஆவா நகரத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். நீயும் உன் கோட்டையில் இருப்பவர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் தங்கை மி ப்யூவும் சுகம். உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறார். அவர் தலை போய்விட்டது என்று வணிகர்கள் யாராவது சொல்லியிருந்தால் நம்பாதே, கோபத்தில் படையோடு கிளம்பிவிடாதே, முதலில் இதை முழுக்கப் படி.

தெற்குப் போரில் ஜெயித்துத் திரும்பும்போது அப்பாவுக்குக் கடும் காய்ச்சல், யானை மேல் படுக்கவைத்தே கொண்டுவந்தார்கள், வழியெல்லாம் மழை. அவருடைய சிவப்புக் குடை காற்றில் கிழிந்துவிட்டது, சேனாபதி நனைகிறாரே என்ற பாசத்தில் ஒருவன் பகையரசனிடமிருந்து கைப்பற்றிய குடையை எடுத்து விரித்துவிட்டான். யாரென்று எழுத மாட்டேன். வெள்ளைக் குடை! ராஜாவைத் தவிர வேறு யார் தலைக்கு மேலும் அது விரியக்கூடாது என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், அவனுக்கு அந்த நேரம் மழை மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நகர வாசலில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "இத்தனை வருஷம் சேனாபதியா இருந்தீரே, எப்போ ஓய் முடிசூட்டிக்கிட்டீர்?" என்று ராஜா கேட்டாராம். குடை பிடித்தவன் பெயரைச் சொன்னால் பிழைக்கலாம் என்று மந்திரிகள் காதில் சொல்லியும், "என் தலைக்கு மேல விரிஞ்ச குடை, நானே பிடிச்சதா வெச்சுக்குங்க" என்றிருக்கிறார்.

தலையை வெட்ட உத்தரவாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் செருப்புகூடப் போடாமல் மடத்துக்கு ஓடினேன். பெரிய பிக்கு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார், பாதியில் எழுந்தால் மடத்து விதிப்படி மறுபடி சாப்பிடக்கூடாது, அன்று முழுக்கப் பட்டினிதான். "பசி நாளைக்கும் வரும்மா, உன் வீட்டுக்காரன் வருவானா?" என்று கையைக் கழுவிக்கொண்டே எழுந்தார். வெட்டுகிற இடத்தில் அப்பா மண்டியிட்டிருந்தார். பிக்கு நேராகப் போய்த் தன் காவி மேல்துவராடையை உருவி அவர் மேல் போர்த்தி, "இனி இவன் மடத்து ஆள். வெட்டணும்னா இந்தத் துணியோட சேர்த்து வெட்டுங்கடா" என்றார். வாள்காரன் வாளைக் கீழே வைத்துக் கும்பிட்டான். ராஜாவும் துவராடைக்குக் கட்டுப்பட்டார், அவருக்கும் புண்ணியம் சேரட்டும்.

பதவி, யானை, மாளிகை எல்லாம் போயிற்று, போகட்டும். நானும் மி ப்யூவும் ஆற்றங்கரையில் மூங்கில் வீட்டில் இருக்கிறோம், அவள் தேயிலையை ஊறவைத்துத் தின்பண்டமாக விற்கிறாள். விடிந்தால் வாசலில் விறகு கிடக்கிறது, யார் போட்டது என்று நாங்கள் விசாரிப்பதில்லை. மடத்தில் இளம் பிக்குகள் அப்பாவை, "சேனாபதி, எறும்புப்படை வருது, ஒதுங்குங்க" என்று கேலி செய்கிறார்களாம், அவரும் ஒதுங்கி நின்று சிரிக்கிறாராம். இன்று காலை பிட்சைக்கு நம் வாசலுக்கே வந்தார், மொட்டைத் தலை, வெறுங்கால், நல்ல மழை. பாத்திரத்தில் சோறு போட்டுக் கும்பிட்டேன். மி ப்யூ குடையோடு ஓடினாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நனைந்துகொண்டே போனார். அசைய அந்தத் தலை இருக்கிறதே, எனக்கு அது போதும்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உன் வீரர்களைப் பட்டினி போடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, ஊருக்கு வரும்போது எந்த நிறக் குடையானாலும் நகர வாசலுக்கு முன்பே மடக்கச் சொல். நனைந்த தலையைத் துவட்டிக்கொள்ளலாம்.

உன் அம்மா,
மி சோ ந்யோ