வட்டத்துக்கு ரகு வைத்த பெயர்

செவ்வாய், கார்த்திகை மழை விட்ட இரவு.

பல்கலைக்கழக வளாகத்தில் தந்த பயிற்சிக்காக இரண்டு படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்று வட்டமாக, மழமழவென்று இருக்கும், மற்றது முள்முள்ளாக. ‘மோலுமோ’, ‘கீக்கிட்டே’ என்று பொருளே இல்லாத இரண்டு பெயர்கள். எது எதற்குப் பொருந்தும் என்று அயலில் கேட்டேன்.

எல்லோரும் யோசிக்காமலே வட்டத்தை மோலுமோ என்றார்கள். தம்பி ரகு மட்டும் வட்டத்தில் விரலை வைத்து, “இதுதான் கீக்கிட்டே” என்றான்.

“ஏன்டா?”

“முள்ளெண்டா கண்ணுக்குத் தெரியும் அக்கா, விலத்திப் போகலாம். இது சத்தமில்லாம இழுக்கும்.”

வயல் வட்டைகளில் வெள்ளம் நிற்கிறதென்று முந்தாநாள் முகத்துவாரத்தை மூடியிருந்த மணலை வெட்டிவிட்டார்கள். வாவி கடலுக்குப் பாய்கிறது. இறாலும் அதோடு ஓடுவதால் எல்லோரும் அங்கேதான் வலை வீசுகிறார்கள். இன்று சுழி ஒன்று ரகுவின் வலையைப் பிடுங்கிக்கொண்டதாம். படத்தைப் பார்த்த பிறகுதான் இதைச் சொன்னான்.

“நாளைக்குப் போகாத.”

“மணல் மூடினா மறுகா இறால் எங்க? விடிய வாறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

ஆரிடமோ வலையும் கேட்டு வாங்கிவிட்டான். அடுத்த அறையில் அவனுடைய குறட்டை கேட்கிறது.

எல்லோருக்கும் அந்தப் பெயர் ஏன் வட்டமாகத் தெரிகிறது? கண்ணாடி முன்னால் நின்று மோலுமோ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். உதடுகள் தாமாகவே வட்டமாகக் குவிந்து திறக்கின்றன.

உள்ளே ஒரே இருட்டு.